ஜாம்பி கதைகள்ல கதவை யார் சாத்துறாங்க

ஜாம்பி படம்னாலே ஒரே ஓட்டம், கூச்சல், ரத்தம், இதுல போயி குழப்பத்தோட குறியீடு, சமூகத்தோட குறியீடுன்னு எல்லாம் எழுதுறாங்களே, நிஜமாவே அந்தக் கதைகளுக்குள்ள அப்படி ஏதாவது இருக்கா இல்ல எழுதுறவங்க சும்மா ஏத்திவிடுறாங்களான்னு கேட்டிருக்கீங்க. இருக்குங்க, நிறையவே இருக்கு. ஆனா பொதுவா சொல்ற மாதிரி ஜாம்பின்னா குழப்பம், தப்பிச்ச குழுன்னா சமூகம்னு பிரிச்சு வெச்சுட்டா விஷயம் கையை விட்டுப் போயிடும். நல்ல ஜாம்பி கதை எதை வேணா எடுத்துக்கோங்க, ஜாம்பிங்க கிட்ட குழப்பமே இருக்காது. ஒரே பசி, ஒரே திசை, தங்களுக்குள்ள சண்டை கிடையாது, ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்துறது கிடையாது. குழப்பம் முழுக்க கதவுக்கு உள்பக்கம் தான். யாருக்கு கதவைத் தொறக்குறது, யார் வந்தா சாத்துறது, வெளிய நிக்குறது மனுஷனா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாக்குறதா இல்ல கேக்காமலே சுட்டுடுறதா, இதுதான் இந்தக் கதைகளோட உயிர்நாடின்னு நான் உறுதியா நம்புறேன். கீழ படங்களோட முடிவு வரைக்கும் சொல்லியிருக்கேன், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

முதல்ல ஜாம்பி எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். ஹைத்தி. பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தப்போ அதுக்கு செயிண்ட் டொமிங்குன்னு பேரு, கரும்பு, காபின்னு பணம் கொட்டின காலனி, அத்தனையும் ஆப்பிரிக்காவுலேருந்து கப்பல்ல ஏத்திட்டு வந்த அடிமைங்க உழைப்பு. 1791ல அவங்க எழுந்து சண்டை போட்டு 1804ல தனி நாடாவே ஆயிட்டாங்க. அந்த மக்களோட நம்பிக்கைல வர்ற ஜாம்பி யாரையும் கடிக்காது, துரத்தாது. செத்தவனை எழுப்பி, அவன் நினைப்பு, விருப்பம் எல்லாத்தையும் பிடுங்கிட்டு, வயல்ல விட்டு வேலை வாங்குவாங்க. அங்க பயம் ஜாம்பியைப் பாத்து இல்ல, நாமளே ஜாம்பியா ஆயிடுவோமோன்னு தான். சாவு ஒண்ணு தான் விடுதலைன்னு இருந்த ஆளுக்கு செத்த பிறகும் அதே வயல், அதே வேலைன்னா அதை விட என்ன கொடுமை இருக்க முடியும்.

1915லேருந்து 1934 வரைக்கும் அமெரிக்க ராணுவம் ஹைத்தியைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு, ரோடு போட ஊர் ஜனங்களை கட்டாய வேலைக்கு இழுத்துட்டுப் போனாங்க. அந்த சமயத்துல அங்க சுத்தின வில்லியம் சீப்ரூக்ங்குறவர் 1929ல போட்ட பயணப் புத்தகத்துல இருந்துதான் அமெரிக்காவுல இந்தப் பேச்சு பரவுச்சு, 1932ல பேலா லுகோசி நடிச்சு 'வொயிட் ஜாம்பி' வந்துச்சு. சுமாரான படம்தான், ஹைத்தி மக்களைக் காட்டின விதமும் எனக்குப் பிடிக்கல. ஆனா அதுல ஒரு கரும்பு ஆலை சீன் இருக்கு. ராத்திரி, ஒரு பெரிய மரச் சக்கரத்தை ஜாம்பிங்க சுத்திச் சுத்தி தள்ளிட்டு இருக்காங்க, மேல ஒரு வரிசை தலையில கூடையோட போயிட்டே இருக்கு, அதுல ஒருத்தன் தடுமாறி அரைக்குற இடத்துக்குள்ள விழுந்துடுறான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. சக்கரம் நிக்கல, அந்த மரம் கிரீச் கிரீச்னு முனகுற சத்தம் மட்டும் அப்படியே ஓடிட்டு இருக்கு. நூறு பேர் ஒரே இடத்துல இருந்தாலும் அது சமூகம் ஆயிடாதுன்னு வசனமே இல்லாம சொன்ன சீன் அது. பக்கத்துல விழுந்தவனைத் திரும்பிப் பாக்காத கூட்டம், அதுதான் ஜாம்பிக் கூட்டம். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வந்த எல்லாப் படத்துலயும் இதே அளவுகோல் உயிரோட இருக்குறவங்க மேல வைக்கப்படுது.

இப்ப நாம பாக்குற, கடிக்குற, கூட்டமா வர்ற ஜாம்பியை உருவாக்கினது ஜார்ஜ் ரொமேரோ, 1968ல வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. பிட்ஸ்பர்க் பக்கத்துல சுமார் 1,14,000 டாலர்ல எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஜாம்பிங்குற வார்த்தை கூட அதுல வராது. கதை ரொம்ப சின்னது. ஒரு பண்ணை வீடு, வெளிய செத்தவங்க, உள்ள ஏழு பேர். பென் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சு மேல இருந்தே சமாளிக்கலாம்ங்குறான். ஹாரி கூப்பர்னு ஒருத்தன், பொண்டாட்டி, உடம்பு முடியாத பொண்ணோட வந்தவன், கீழ நிலவறைக்குள்ள போயி கதவைப் பூட்டிக்கலாம்ங்குறான். இதுல ஆரம்பத்துலயே ஒரு விஷயம் வருது பாருங்க, பென்னும் பார்ப்ராங்குற பொண்ணும் மேல அல்லாடிட்டு இருந்த நேரம் முழுக்க கூப்பரும் மத்தவங்களும் கீழ தான் இருந்திருக்காங்க, பார்ப்ரா கத்துனது அவங்க காதுல விழுந்திருக்கு, ஆனா மேல வந்து பாக்கல. பென்னுக்கு கோவம் வர்றதே அதுல தான். படத்தோட முதல் சாத்தின கதவு அது.

அப்புறம் மேலயா கீழயாங்குற சண்டை படம் முழுக்க ஓடுது. நீ கீழ ராஜாவா இரு, மேல நான் சொல்றது தான்னு பென் சொல்ற அளவுக்குப் போயிடுது. வெளிய அத்தனை பொணம் நடந்துட்டு இருக்கு, உள்ள ஒரு சின்ன வீட்டை ரெண்டா பிரிச்சு எல்லை போடுறாங்க. பெட்ரோல் போட டிரக்கை எடுத்துட்டுப் போன திட்டம் தீப்பிடிச்சு நாசமாகி, கூடப் போன டாம், ஜூடி ரெண்டு பேரும் எரிஞ்சு செத்து, பென் தனியா உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓடி வந்து கதவைத் தட்டுறான். கூப்பர் உள்ள நின்னு பாத்துட்டே இருக்கான், தொறக்கல. பென் உதைச்சு தொறந்து உள்ள வர்றான். இதுக்கு அடுத்து நடக்குறதைத் தான் நான் எல்லாருக்கும் கவனிக்கச் சொல்லுவேன். வந்த உடனே அவனை அடிக்கல. ரெண்டு பேரும் தோளோட தோளா நின்னு அந்தக் கதவுக்கு பலகை வெச்சு ஆணி அடிக்குறாங்க. அந்த சில நொடி மட்டும் அவங்க ஒண்ணா வேலை செய்யுறாங்க. அடிச்சு முடிச்ச பிறகு தான் பென் திரும்பி அவனைப் போட்டு அடிக்குறான். சேர்ந்து நிக்க முடியும், அதுக்கு கை கால் எல்லாம் சரியா இருக்கு, ஆனா நிக்க மாட்டேங்குறாங்கன்னு ரொமேரோ அந்த ஒரே ஷாட்ல காட்டிட்டுப் போயிடுறார்.

பென் தான் ஹீரோ, கூப்பர் தான் கெட்டவன்னு நாம முடிவு பண்ணி உக்காந்திருப்போம், ஆனா கடைசில பென் உயிரோட ராத்திரியைத் தாண்டுறது எங்க தெரியுமா, அதே நிலவறைல. கூப்பர் சொன்னது தான் பலிச்சுது. அப்ப யார் சொன்னது சரிங்குறது விஷயமே இல்ல. எல்லாரும் மேல நின்னு ஒத்துழைச்சிருந்தாலும் பிழைச்சிருக்கலாம், எல்லாரும் ஒண்ணா கீழ போயிருந்தாலும் பிழைச்சிருக்கலாம். அந்த வீட்டை அழிச்சது தப்பான திட்டம் இல்ல, ஒருத்தன் பேச்சை ஒருத்தன் கேக்க மாட்டேன்னு நின்னது. குழப்பம்னு நீங்க கேட்டீங்கல்ல, இந்த வகைக் கதைகள்ல குழப்பத்தோட முதல் அர்த்தம் இதுதான்.

அப்புறம் அந்த விடியக்காலை. போலீசும் துப்பாக்கி வெச்ச ஊர் ஆளுங்களும் வயல்ல நடந்து வர்றாங்க, சத்தம் கேட்டு பென் மேல வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறான், தூரத்துல இருந்தே நெத்தில சுடுறாங்க. நீ யாருன்னு ஒரு குரல் கூட இல்ல. இன்னொண்ணு நெருப்புல போட கிடைச்சுதுன்னு பேசிட்டு வந்து கொக்கியால இழுத்துட்டுப் போறாங்க, அந்தக் காட்சிகள் மட்டும் பத்திரிகை போட்டோ மாதிரி அசையாம, புள்ளி புள்ளியா வருது. பென்னா நடிச்ச டுவெய்ன் ஜோன்ஸ் கறுப்பின நடிகர். ஸ்கிரிப்ட்ல இனம் பத்தி எதுவும் எழுதல, ஆடிஷன்ல அவர் தான் நல்லா பண்ணினார், அதான் எடுத்தோம்னு ரொமேரோ கடைசி வரைக்கும் சொன்னார். நான் அதை நம்புறேன். ஆனா முடிச்ச படத்தை நியூயார்க்குக்கு கார்ல எடுத்துட்டுப் போற ராத்திரில தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி ரேடியோல வந்துச்சு, 1968 ஏப்ரல் 4. அந்த வருஷம் அக்டோபர்ல தியேட்டர்ல உக்காந்து இந்த முடிவைப் பாத்த அமெரிக்கனுக்கு, துப்பாக்கியோட வயல்ல வர்ற வெள்ளைக்கார கூட்டம் என்னங்குறதை யாரும் விளக்கத் தேவையில்ல. டைரக்டர் நினைக்காத அர்த்தத்தை காலம் கொண்டு வந்து அதுல வெச்சுடுச்சு. குறியீடுங்குறது நிறைய தடவை இப்படித்தான் உருவாகுது, எழுதுறவன் மட்டும் வைக்குறது இல்ல.

அவரோட அடுத்த ஜாம்பி படம் 'டான் ஆஃப் தி டெட்', 1978. ஷாப்பிங் மால்ல நடக்குற கதைங்குறதால நுகர்வு மோகம், முதலாளித்துவம்னு எல்லாரும் அதைப் பத்தியே பேசுவாங்க, அது சரிதான், பென்சில்வேனியாவுல மன்ரோவில் மால்லயே எடுத்தாங்க, இதுங்க ஏன் இங்கயே வருதுன்னு கேக்கும்போது பழைய ஞாபகம், இது அவங்க வாழ்க்கைல முக்கியமான இடம்னு ஒரு பதில் வரும். எனக்கு அதை விட முக்கியமா படுறது படத்தோட முதல் அஞ்சு பத்து நிமிஷம். ஒரு டிவி ஸ்டேஷன். ஆளாளுக்கு கத்திட்டு இருக்காங்க. ஸ்கிரீன்ல மீட்பு முகாம்கள் லிஸ்ட் ஓடிட்டு இருக்கு, அதுல பாதி முகாம் மூடியாச்சு. அங்க வேலை பாக்குற ஃப்ரான் அந்த லிஸ்ட்டை எடுக்கச் சொல்றா, மூடின இடத்துக்கு ஜனங்களை அனுப்பி சாகடிக்குறோம்ங்குறா. மேனேஜர் விடமாட்டேங்குறார், லிஸ்ட் ஓடலைன்னா யாரும் சேனல் பாக்க மாட்டாங்களாம்.

இதை 2021 மே மாசத்துக்கு அப்புறம் பாத்தவங்களுக்கு வேற மாதிரி உறைக்கும். ஆக்சிஜன் பெட் காலியா இருக்குன்னு ஃபார்வர்ட்ல வந்த நம்பருக்கு போன் அடிச்சு அடிச்சு, ஒண்ணு ஸ்விட்ச் ஆஃப், ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே ஃபுல்லுன்னு அலைஞ்ச குடும்பங்கள் எத்தனை. அதே நேரத்துல முகம் தெரியாத காலேஜ் பசங்க ராத்திரி பூரா உக்காந்து ஒவ்வொரு நம்பருக்கா கூப்பிட்டு, இருக்கா இல்லையான்னு கேட்டு, எத்தனை மணிக்கு செக் பண்ணினோம்னு பக்கத்துலயே டைம் போட்டு லிஸ்ட்டைத் திருத்திட்டே இருந்தாங்களே, அவங்க தான் ஃப்ரான். சரிபார்க்காம ஓடுற லிஸ்ட் குழப்பம், ஒருத்தர் உக்காந்து போன் போட்டுக் கேட்டு திருத்தின லிஸ்ட் சமூகம். ரொமேரோ இதை 1978லயே சீனா எடுத்து வெச்சிருக்கார்.

அந்த மாலுக்குள்ள போன நாலு பேர் வாசலையெல்லாம் லாரியால அடைச்சு, உள்ள இருந்த ஜாம்பிங்களைக் கொன்னு, கோட்டு, நகை, டிவின்னு சுகமா வாழுறாங்க, கொஞ்ச நாள்ல ஒருத்தருக்கு ஒருத்தர் பேசுறதே குறைஞ்சு போயிடுது. பைக் கும்பல் ஒண்ணு கொள்ளையடிக்க வரும்போது ஒளிஞ்சுக்கிட்டா போதும், அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆனா அந்த நாலு பேர்ல ஒருத்தனான ஸ்டீபனால தாங்க முடியல, இது எங்களோடதுன்னு சுட ஆரம்பிக்குறான், அதுல அடிபட்டு, கடிபட்டு, ஜாம்பியா ஆகுறான். ஆன பிறகு, அவங்க மறைச்சு வெச்சிருந்த போலிச் சுவருக்குப் பின்னாடி இருக்குற வழியை அவன் உடம்பு ஞாபகம் வெச்சிருக்கு. கூட்டத்தையே அங்க கூட்டிட்டு வர்றான். உடைமைன்னு இறுக்கிப் பிடிச்சவன் தான் கடைசில கதவை எதிரிக்குக் காட்டிக் கொடுக்குறான்.

'28 டேஸ் லேட்டர்' (2002) பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஆளில்லாத லண்டன்ல ஆஸ்பத்திரி உடையோட ஹீரோ ஜிம் நடந்து போற சீனுக்காகத்தான் எல்லாரும் அதை ஞாபகம் வெச்சிருப்பாங்க, ஆனா ரேடியோல பாதுகாப்பு இருக்கு வாங்கன்னு கூப்பிட்டு, வந்த பொண்ணுங்களை தன் சிப்பாய்ங்களுக்குக் கொடுக்க நினைக்குற மேஜர் வெஸ்ட் தான் அந்தக் கதையோட நிஜமான கொடூரம். கடந்த நாலு வாரமா மனுஷன் மனுஷனைக் கொல்றதைத் தான் பாத்தேன், அதுக்கு முந்தின நாலு வாரமும் அதே தான் பாத்தேன்னு அந்த ஆள் சொல்லுவான். கதவைத் தொறக்குறதுலயும் பொய் இருக்கலாம்னு இந்தப் படம் சேர்க்குது, அதனால தொறக்குறவன் நல்லவன், சாத்துறவன் கெட்டவன்னு சுலபமா கணக்குப் போட முடியாது.

'தி வாக்கிங் டெட்' சீரிஸ் 2010ல ஆரம்பிச்சு 2022 வரைக்கும் 11 சீசன் ஓடுச்சு, நடுவுல நிறைய இழுவை, ஆனா அதுல ஒரு விதி ரொம்ப ஆழமானது. கடிச்சா மட்டும் இல்ல, எப்படி செத்தாலும் ஜாம்பியா எழுவாங்க, ஏற்கனவே எல்லாருக்குள்ளயும் அது இருக்கு. எவ்வளவு உயரமா வேலி கட்டினாலும் உள்ள ஒருத்தர் காய்ச்சல்ல செத்தா போதும், ஜெயில்ல இருக்கும்போது நிஜமாவே அப்படி நடக்கும். சுத்தமானவங்க நாம, அசுத்தம் வெளியங்குற நினைப்புக்கே அங்க இடமில்ல. ராபர்ட் கிர்க்மேன் எழுதின காமிக்ஸ் 2003லேருந்து 2019 வரைக்கும் 193 இதழ் வந்துச்சு, எனக்கு சீரிஸை விட அதோட முடிவு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது ஒரு கேஸ்ல முடியுது. வருஷங்கள் ஓடி உலகம் ஓரளவு சரியான பிறகு, வேடிக்கை காட்டக் கூட்டிட்டு வந்த ஜாம்பிங்களை ஹீரோவோட பையன், வளந்த கார்ல் கொன்னுடுறான், அது இன்னொருத்தரோட சொத்துன்னு விசாரணை நடக்குது, நீதிபதியா உக்காந்திருக்குறது ஒரு காலத்துல கத்தியோட அலைஞ்ச மிஷோன். கண்டதும் வெட்டுன்னு இருந்த உலகம் ரெண்டு பக்கமும் கேட்டுட்டு முடிவு பண்ணுற நிலைமைக்கு வந்திருக்கு.

இங்க ஒரு விஷயத்தை கண்டிப்பா சொல்லணும். இந்த மாதிரி கதைகள் மனுஷங்களைப் பத்தி ஒரு பொய்யையும் பரப்புது. ஆபத்து வந்தா எல்லாரும் உடனே மிருகமா மாறிடுவாங்க, துப்பாக்கியும் மதிலும் தான் காப்பாத்தும்னு. பேரிடர் சமயத்துல ஜனங்க எப்படி நடந்துக்குறாங்கன்னு ஆராய்ச்சி பண்றதுக்கே 1963ல ஓஹையோவுல ஒரு மையம் ஆரம்பிச்சாங்க, அப்புறம் டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு மாறுச்சு, அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான என்ரிகோ குவாரன்டெல்லியும் கூட இருந்தவங்களும் வெள்ளம், புயல், நிலநடுக்கம்னு வருஷக்கணக்கா பாத்துட்டு சொன்னது, கண்மூடித்தனமான பீதி ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் முதல்ல வந்து தூக்குறது பக்கத்து வீட்டுக்காரங்க தான்னு. ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்த லீ கிளார்க், கேரன் செஸ் ரெண்டு பேரும் இன்னொண்ணு சேத்தாங்க, பீதி அதிகமா வர்றது அதிகாரத்துல இருக்குறவங்களுக்கு, ஜனங்க பீதியாயிடுவாங்களோங்குற பீதி.

2005ல கத்ரீனா புயல்ல நியூ ஆர்லியன்ஸ் மூழ்கினப்போ இது கண்ணு முன்னாடி நடந்துச்சு. ஊருக்குள்ள கொலை, கொள்ளைன்னு வதந்தி பறந்துச்சு, அதுல நிறைய பின்னாடி பொய்யின்னு தெரிஞ்சுது. சொந்தப் படகை எடுத்துட்டு வந்து அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க ஆளுங்களை மீட்டுட்டு இருந்த அதே நாட்கள்ல, வெள்ளத்துல இருந்து தப்பிச்சு மிசிசிப்பி ஆத்துப் பாலம் வழியா கிரெட்னா ஊருக்கு நடந்து போனவங்களை அந்த ஊர் போலீஸ் துப்பாக்கியோட வழிமறிச்சு, தலைக்கு மேல சுட்டு, திருப்பி அனுப்புச்சு. பாலத்துல நின்னவங்கள்ல நிறைய பேர் கறுப்பின மக்கள். ஜாம்பிக் கதையோட மொழியை நிஜ மனுஷங்க மேல பிரயோகிச்சா என்ன ஆகும்ங்குறதுக்கு எனக்கு எப்பவும் இதுதான் ஞாபகம் வரும். அதனால தான் ஒவ்வொரு ஜாம்பி கதையையும் நான் ஒரே கேள்வியோட பாப்பேன், இந்தக் கதை கூட்டத்தைப் பாத்து பயப்படச் சொல்லுதா, இல்ல கதவைச் சாத்துறவனைப் பாத்து பயப்படச் சொல்லுதா.

இந்தக் கேள்விக்கு ரொம்ப நேர்மையா பதில் சொன்ன படம்னா என்னைப் பொறுத்தவரை தென் கொரியாவோட 'ட்ரெயின் டு பூசன்', 2016, டைரக்டர் யோன் சாங் ஹோ. சோல்லேருந்து பூசன் போற அதிவேக ரயில். அதுல இருக்குற குழப்பத்தைப் புரிஞ்சுக்க 2014 ஏப்ரல் 16 தெரிஞ்சிருக்கணும். சேவோல்ங்குற கப்பல் கவிழ்ந்து 304 பேர் செத்தாங்க, அதுல 250 பேர் ஒரே ஹைஸ்கூல்ல படிச்ச பசங்க. கப்பல் சாயும்போது இருந்த இடத்துலயே இருங்கன்னு திரும்பத் திரும்ப அறிவிப்பு வந்துச்சு, பசங்க சொன்ன பேச்சைக் கேட்டு இருந்தாங்க, கேப்டன் தப்பிச்சு வெளிய போயிட்டார். அந்தக் காயம் ஆறுறதுக்கு முன்னாடியே 2015ல மெர்ஸ் காய்ச்சல் வந்து 38 பேர் இறந்தாங்க. அந்த நாட்டு ஜனங்க முன்னாடி, டிவில ஒரு அதிகாரி எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு, பயப்படாதீங்கன்னு சொல்ற சீனை வெச்சா அது எப்படி இறங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கதைல சோக் வூ ஒரு ஃபண்ட் மேனேஜர், பொண்ணு சூ ஆன் கூட போறான். பொண்ணு ஒரு பாட்டிக்கு சீட் கொடுத்ததுக்கு, இந்த மாதிரி நேரத்துல நம்மளை மட்டும் தான் பாத்துக்கணும்னு புத்தி சொல்றான். ஜாம்பிங்க துரத்த சாங் ஹ்வாங்குற இன்னொரு பயணி மாசமா இருக்குற பொண்டாட்டியோட ஓடி வரும்போது கம்பார்ட்மெண்ட் கதவை இழுத்துச் சாத்துறது யாரு, இதே சோக் வூ தான். நம்ம ஹீரோ. அந்த ஜாம்பிங்களுக்கு அந்த ரயில்ல ஒரு பலவீனம் இருக்கு, நகர்த்தித் தொறக்குற கதவை அதுங்களுக்குத் தொறக்கத் தெரியாது, கண்ணுல பட்டா தான் பாயும். சாங் ஹ்வாவோட பொண்டாட்டி கண்ணாடில தண்ணி ஊத்தி நியூஸ் பேப்பரை ஒட்டி மறைச்ச உடனே அதுங்க அமைதியாயிடும். ஒரு பேப்பர் போதும் ஜாம்பியைத் தடுக்க. ஆனா மனுஷனைத் தடுக்க அது போதாது.

பாதிக்கு மேல, சோக் வூ, சாங் ஹ்வா, ஒரு பேஸ்பால் பையன் மூணு பேரும் கையில டேப் சுத்திக்கிட்டு பெட்டி பெட்டியா அடிச்சுப் போயி, கழிவறைல மாட்டிக்கிட்டவங்களை மீட்டு, மிச்ச பேர் பத்திரமா இருக்குற 15ஆம் பெட்டிக்கு வந்து சேருறாங்க. வந்தா கதவு தொறக்கல. யோன் சுக்னு ஒரு பஸ் கம்பெனி அதிகாரி, இவங்களுக்கும் தொத்தியிருக்கும்னு உள்ள இருக்குறவங்களை நம்ப வெச்சு கதவைக் கட்டி வெச்சிருக்கான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனுஷ முகங்க, இந்தப் பக்கம் மனுஷ முகங்க, பின்னாடி ஜாம்பி. கையால கதவைத் தாங்கிட்டு நின்ன சாங் ஹ்வா கடிபட்டு அங்கேயே சாகுறான், அந்தப் பாட்டியும் உள்ள வர முடியாம போயிடுறா. ஒருவழியா உடைச்சு உள்ள வந்தவங்களை அந்தப் பெட்டிக்காரங்க பக்கத்துல கூட சேத்துக்கல, தள்ளிப் போங்கன்னு அடுத்த பகுதிக்கு விரட்டி அந்தக் கதவையும் கட்டுறாங்க. அன்னைக்கு காலைல எல்லாரும் டிக்கெட் வாங்கி சாதாரணமா ஏறின ஜனங்க.

அந்தப் பாட்டியோட தங்கச்சி உள்ள உக்காந்திருக்கா. கண்ணாடிக்கு வெளிய ஜாம்பியா நிக்குற அக்காவைப் பாக்குறா. எப்பவும் மத்தவங்களுக்கே செஞ்சு செஞ்சு போனியேன்னு அக்காவை நெனச்சு நொந்து போறா, திரும்பி அந்தப் பெட்டில இருக்குறவங்களை ஒரு பார்வை பாக்குறா, எழுந்து போயி கதவைத் தொறந்து விட்டுடுறா. ஜாம்பிங்களுக்கு. அந்தப் பெட்டி மொத்தமும் காலி. இதைப் பழிவாங்கல்னு மட்டும் சொன்னா எனக்கு ஒத்துக்க முடியல. அவளுக்கு அந்த நொடில எந்தப் பக்கம் மனுஷங்கன்னு வித்தியாசமே தெரியல, அக்கா இருக்குற பக்கம் போயிட்டா, அவ்வளவுதான். சமூகம்ங்குறது உள்ளேருந்து எப்படி உடையுதுன்னு காட்டுறதுக்கு ஜாம்பி சினிமாவுல இதுக்கு மேல ஒரு சீன் நான் பாத்ததில்ல.

முடிவு தான் முக்கியம். கடைசில உயிரோட மிஞ்சுறது சூ ஆனும் அந்த மாசமா இருக்குற பொண்ணும். இருட்டு சுரங்கப்பாதை வழியா நடந்து வர்றாங்க, அந்தப் பக்கம் ராணுவம் துப்பாக்கியோட குறி பாத்துட்டு இருக்கு. மனுஷங்களா இல்லையான்னு தெரியல, சுடுன்னு ஆர்டர் வந்துடுச்சு. அப்போ சுரங்கத்துக்குள்ளேருந்து பாட்டு கேக்குது. 'அலோஹா ஒய்'ங்குற ஹவாய் பாட்டு, ஸ்கூல் விழாவுல அப்பா வராததால பாதிலயே நிறுத்தின அதே பாட்டு, அதை இப்ப செத்துப் போன அப்பாவுக்காக அழுதுட்டே பாடிட்டு வர்றா. சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்துறான். 1968ல பென் நின்ன அதே நிலைமைல தான் இந்தக் குழந்தையும் வந்து நிக்குது, தூரத்துல துப்பாக்கி, யாருன்னு தெரியாத உருவம், ஆர்டர் ரெடி. ஒரே வித்தியாசம், இங்க விரலை அழுத்துறதுக்கு முன்னாடி ஒருத்தன் ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டான். யோன் சாங் ஹோ ரொமேரோவை மனசுல வெச்சு இதை எடுத்தாரா இல்லையாங்குறது எனக்கு முக்கியமே இல்ல, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு கேள்வியும் அதோட பதிலும் மாதிரி இருக்கு.

நம்ம தமிழ்ல அதே 2016ல ஜெயம் ரவி நடிச்சு, சக்தி சௌந்தர் ராஜன் எடுத்த 'மிருதன்' வந்துச்சு, ஊட்டில டிராஃபிக் போலீஸ், தங்கச்சியைக் காப்பாத்தணும், கோயம்புத்தூர் போகணும்னு கதை. தமிழ்ல முதல் முறையா இந்த வகையைத் தொட்டதுக்கே அந்த டீமை மதிக்கணும். ஆனா நம்ம ஹீரோ படங்களோட அமைப்புல சுத்தி இருக்குறவங்க எல்லாரும் காப்பாத்தப்பட வேண்டியவங்களாவே நின்னுடுறாங்க, அவங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம், ஒரு தப்பான முடிவு, ஒரு கதவுன்னு எதுவும் வளரல. ஒரு தெரு, ஒரு அப்பார்ட்மெண்ட், ஒரு பஸ்ஸை மட்டும் எடுத்துக்கிட்டு ஹீரோவே இல்லாம யாராவது தமிழ்ல எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை, நம்ம கிட்ட கதவுகளுக்கும் அதை யாருக்கு சாத்துறோம்ங்குறதுக்கும் பஞ்சமே இல்ல.

எங்கேருந்து ஆரம்பிக்குறதுன்னு தெரியலைன்னா 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பாருங்க, அமெரிக்காவுல அதுக்கு காப்பிரைட்டே கிடையாது, ரிலீசுக்கு முன்னாடி படத்தோட பேரை மாத்தும்போது டைட்டில் கார்டுல இருந்த காப்பிரைட் குறிப்பும் சேர்ந்து விட்டுப் போச்சு, அப்போதைய சட்டப்படி அதோட உரிமை போயிடுச்சு. ரொமேரோவுக்கு அது பெரிய நஷ்டம், ஆனா யார் வேணா காட்டலாம், யார் வேணா அந்த விதிகளை எடுத்து புதுக் கதை எழுதலாம்னு ஆனதால தான் அந்த ஜாம்பி பிட்ஸ்பர்க்லேருந்து கொரியா வரைக்கும் போயிருக்கு. அது முடிஞ்ச அடுத்த நாளே 'ட்ரெயின் டு பூசன்' பாத்துடுங்க, நடுவுல வேற எதுவும் வேண்டாம். சோக் வூ முதல் தடவை கதவைச் சாத்துற இடம் ஆரம்பத்துலயே சட்டுனு வந்து போயிடும், அந்த சீனை மட்டும் விட்டுடாம பாருங்க.